பனிச்சாலையில் ஒரு கம்ப்யூட்டர்: எலெக்ட்ரிக் கார் தரும் பேட்டரி பாடம்

எலெக்ட்ரிக் காருக்கும் கம்ப்யூட்டர் இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. காரில் இருப்பதும் அதே வகைதான். இரண்டிலும் இன்னும் எவ்வளவு சார்ஜ் மீதம் இருக்கிறது என்பதைத் திரையில் சதவீதமாகப் பார்க்கிறோம். லேப்டாப்பில் இந்தக் கணக்கு தவறினால், சேவ் செய்யாத பைல் போகும். மைனஸ் 20 டிகிரி குளிரில், ஆள் நடமாட்டம் இல்லாத மலைச்சாலையில் தவறினால் என்ன ஆகும்? அதனால்தான் பனி நாட்டில் கார் ஓட்டுபவர்கள் இந்தச் சதவீதத்தைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதை நீங்களும் கற்றுக்கொள்ளலாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வேலைக்காக நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் வசிக்கிறேன். மூன்று குளிர்காலங்களாக, செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்லா மாடல் எஸ் காரை ஓட்டி வருகிறேன். 2024 ஆம் ஆண்டில் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் 100க்கு 89 முழு எலெக்ட்ரிக் கார்கள். உலகிலேயே எலெக்ட்ரிக் கார்களை இந்த அளவுக்கு ஏற்றுக்கொண்ட நாடு, கடும் பனி பெய்யும் நாடு என்பது வியப்பான செய்தி அல்லவா? மாடல் எஸ் இங்கு 2013 ஆகஸ்டில் வந்தது. டெஸ்லா நிறுவனம் ஐரோப்பாவில் அமைத்த முதல் ஆறு அதிவேக சார்ஜிங் நிலையங்களும் அதே மாதம் நார்வேயில்தான் திறக்கப்பட்டன.

காருக்குள் லேப்டாப் செல்கள்

லேப்டாப்பின் பழைய பேட்டரி பேக்கைப் பிரித்தால், உள்ளே டார்ச் லைட் பேட்டரி போல உருளை வடிவ செல்கள் இருக்கும். பெரும்பாலும் ஆறு செல்கள். இவற்றின் பெயர் 18650. அதாவது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். மாடல் எஸ் காரின் 85 கிலோவாட் மணி பேட்டரியில் இதே அளவுள்ள செல்கள் 7,104 அடுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1,180 லேப்டாப்களுக்கான செல்கள் ஒரே காரில்! இவற்றின் நடுவே ஒரு திரவம் குழாய்களில் ஓடி, தேவைக்கேற்பச் சூடாக்கும் அல்லது குளிர்விக்கும். இந்த வசதி லேப்டாப் பேட்டரியில் இல்லை.

குளிர் என்ன செய்கிறது?

செல்லுக்குள் லித்தியம் அயனிகள் ஒரு திரவத்தின் வழியாக இரு முனைகளுக்கிடையே போய் வருகின்றன. குளிரில் இந்த ஓட்டம் மந்தமாகிவிடும். அதனால் மின்சாரத்தை வெளியே எடுப்பதும் கடினம், உள்ளே செலுத்துவதும் கடினம். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. உறைநிலைக்குக் கீழே உள்ள செல்லில் வேகமாக சார்ஜ் ஏற்றினால், லித்தியம் உலோகமாக மாறி ஒரு முனையில் படிந்துவிடும். இது செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். எனவே பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர், செல்கள் சூடாகும் வரை சார்ஜிங் வேகத்தைக் குறைத்துவிடும்.

அடுத்தது ஹீட்டர். பெட்ரோல் இன்ஜின், எரிபொருளின் சக்தியில் பெரும் பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பமே காருக்குள் இலவச ஹீட்டர். எலெக்ட்ரிக் மோட்டாரில் வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. எனவே உள்ளே சூடாக்கும் செலவையும் பேட்டரியே தர வேண்டும். போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மைனஸ் 15 டிகிரியில் காற்று, 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 சதவீதம் அடர்த்தி அதிகம். சாலையில் கிடக்கும் பனியும் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்.

இதனால் எவ்வளவு இழப்பு? நார்வே ஆட்டோமொபைல் சங்கம் 2020 ஆம் ஆண்டு குளிர்காலத்தில் 20 எலெக்ட்ரிக் கார்களை ஓட்டிச் சோதித்தது. அவை நிர்ணயிக்கப்பட்ட தூரத்தைவிடச் சராசரியாக 18.5 சதவீதம் குறைவாக ஓடின. 610 கி.மீ. ஓட வேண்டிய மாடல் எஸ் 470 கி.மீ. ஓடியது. இது 23 சதவீதக் குறைவு.

சதவீதம் என்பது மதிப்பீடு

பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை இருக்கும். அது எரிபொருளின் மட்டத்தை நேரடியாகக் காட்டும். பேட்டரிக்குள் அப்படி எதுவும் கிடையாது. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை சென்சார்கள் அளக்கின்றன. சாப்ட்வேர் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. லேப்டாப்பில் “2 மணி 10 நிமிடம்” என்று காட்டிவிட்டு, வீடியோ ஓட்டியவுடன் “1 மணி 15 நிமிடம்” என மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தின் மையம் இதுதான்: கம்ப்யூட்டரிடம் உங்கள் திட்டத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால், அதற்கேற்ப பேட்டரியைத் தயார் செய்துகொள்ளும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. இரவில் காரை சார்ஜரில் இணைத்தே வைத்திடுங்கள். மொபைல் போனில் உள்ள அப்ளிகேஷனில் காலையில் கிளம்பும் நேரத்தைக் கொடுங்கள். அந்த நேரத்துக்குள் காரின் உட்புறமும் பேட்டரியும் சூடாகிவிடும். இதற்கான மின்சாரம் வீட்டிலிருந்து வருவதால் பேட்டரியின் சார்ஜ் அப்படியே மிஞ்சும். கண்ணாடியிலும் கதவுக் கைப்பிடியிலும் உறைந்த பனியும் இளகிவிடும்.

2. திரையில் நீல நிறப் பனித்துளி ஐகான் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பேட்டரி குளிர்ந்திருக்கிறது, அதன் சக்தியில் ஒரு பகுதியை இப்போதைக்குப் பயன்படுத்த முடியாது என்று பொருள். அந்தப் பகுதி எங்கும் போய்விடவில்லை. பேட்டரி சூடானதும் திரும்பக் கிடைக்கும்.

3. வழி நன்றாகத் தெரிந்தாலும், அடுத்த சார்ஜிங் நிலையத்தை மேப்பில் கொடுங்கள். டெஸ்லா 2019 ஆம் ஆண்டு சாப்ட்வேர் அப்டேட் மூலம் ஒரு வசதி தந்தது. நிலையத்தை நெருங்கும்போதே கார் தன் பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் வேகமாக சார்ஜ் ஏறும். மேப்பில் கொடுக்காமல் போனால், குளிர்ந்த பேட்டரியுடன் காத்திருக்க வேண்டியதுதான்.

4. டயர்களின் காற்றைச் சோதியுங்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. குறையும். நார்வேயில் குளிர்கால டயரின் பள்ளம் குறைந்தது 3 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒரு பயணக் கணக்கு

ஆஸ்லோவிலிருந்து டிரான்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வழியில் லில்லேஹாமர், டொம்போஸ் ஆகிய ஊர்களில் சார்ஜ் செய்திடலாம். டொம்போசைத் தாண்டியதும் டோவ்ரே மலைப்பகுதி. சாலை 1,000 மீட்டர் உயரத்தையும் கடந்து செல்லும்.

டொம்போசிலிருந்து டிரான்ஹைம் 200 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவு 70 யூனிட். 90 சதவீத சார்ஜுடன், அதாவது 63 யூனிட்டுடன் கிளம்புகிறோம். கோடையில் 100 கி.மீ.க்கு 20 யூனிட் செலவானால், போய்ச் சேரும்போது 23 யூனிட் மீதம் இருக்கும். பனியில் 28 யூனிட் செலவானால் 7 யூனிட்தான் மீதம். அதாவது 10 சதவீதம்.

போதும் என்று தோன்றும். ஆனால் பனிப்புயல் வீசினால், நார்வேயின் மலைச்சாலைகளில் வாகனங்களைத் தனியே விடமாட்டார்கள். எல்லோரும் வரிசையில் காத்திருந்து, பனி அகற்றும் வண்டியின் பின்னால் போக வேண்டும். இரண்டு மணி நேரக் காத்திருப்பில் ஹீட்டருக்கு மணிக்கு 2 யூனிட் என்றால் 4 யூனிட் போய்விடும். மீதம் 3 யூனிட். அந்த நிலையில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் ஊர் போய்ச் சேர முடியாது. அதனால் நான் இடையில் ஓப்டால் என்ற ஊரில் நிறுத்தி, காபி குடிக்கும் நேரத்துக்காவது சார்ஜ் செய்வேன். குளிர்காலத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே மீதம் வராதபடி திட்டமிடுவது என் வழக்கம்.

கிளம்பிய பிறகு, கி.மீ. எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது நிர்ணயிக்கப்பட்ட அளவை வைத்துக் காட்டப்படுவது. எனர்ஜி என்ற பகுதியில் உள்ள பயண வரைபடத்தைத் திறந்திடுங்கள். கார் எதிர்பார்த்த செலவு ஒரு கோடாகவும், உண்மையான செலவு இன்னொரு கோடாகவும் தெரியும். இரண்டாவது கோடு கீழே இறங்கத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். சீட் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, காருக்குள் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தாலும் மிச்சமாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மோட்டார் பிரேக் போலச் செயல்பட்டுப் பேட்டரியை சார்ஜ் செய்யும். குளிர்ந்த பேட்டரி இந்த சார்ஜை ஏற்காது. எனவே முதல் சில கி.மீ. தூரத்தில் கார் வழக்கம் போலத் தானாக வேகம் குறையாது. பிரேக்கை மிதிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பனியில் மாட்டிக்கொண்டால்?

“சார்ஜ் தீர்ந்தால் உறைந்து போவீர்களே” என்று பலர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 40 யூனிட் மீதம் இருந்து, மணிக்கு 2 யூனிட் செலவானால், 20 மணி நேரம் சூடாக இருக்கலாம். எலெக்ட்ரிக் காரில் புகைக்குழாய் கிடையாது. பெட்ரோல் கார் நின்ற இடத்தில் ஓடும்போது புகைக்குழாயைப் பனி மூடினால், விஷவாயு உள்ளே வரும் ஆபத்து உண்டு. ஆனாலும் கம்பளியும் குடிநீரும் காரில் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்புக்கு

நம் ஊரில் பனி இல்லை. வெயில் இருக்கிறது. பேட்டரிக்கு அதுதான் பெரிய எதிரி. குளிர் பறிப்பது பெரும்பாலும் தற்காலிகமானது. வெப்பம் பறிப்பது திரும்ப வராது. எனவே லேப்டாப்பை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். மெத்தை மேல் வைத்து, காற்று போகும் துளைகளை அடைக்காதீர்கள். எப்போதும் மின் இணைப்பிலேயே வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இரவு முழுக்கக் குளிரில் கிடந்த லேப்டாப்பை உடனே சார்ஜில் போடாமல், அறை வெப்பத்துக்கு வந்த பின் போடுங்கள்.

முக்கியமான வேலைக்கு உட்காரும்போது, திரையில் தெரியும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே திட்டமிடுங்கள். 20 சதவீதம் வந்ததும் சார்ஜரைத் தேடுங்கள். பைலை அதற்கு முன்பே சேவ் செய்திடுங்கள்.