திரும்பி வரும் குரல்

மலைச்சாரலில் நின்று ஒருவன் உரக்கக் கூவினால், சிறிது நேரத்திற்குப்பின் அவன் குரல் அவனுக்கே மீண்டு வந்து கேட்கும். இதனை எதிரொலி என்பர். மலையிடத்தே கேட்குங்கால் இது சிறுவர்க்கும் பெரியோர்க்கும் இன்பம் பயக்கும். ஆயின் தொலைபேசியில் பேசும்போது தன் குரலே தன் செவியில் பிந்தி வந்து ஒலிக்குமாயின், பேசுவோன் தடுமாறுவான்; சொல்ல வந்ததை மறப்பான்; ஈற்றில் பேச்சையே நிறுத்திவிடுவான்.

மலையும் பாறையும் இல்லாத கம்பியில் எதிரொலி எங்ஙனம் தோன்றுகிறது? செப்புக் கம்பி வழி இயங்கும் வீட்டுத் தொலைபேசியை நிலையத்தோடு இணைப்பவை இரண்டே கம்பிகள். போகும் குரலும் வரும் குரலும் அவ்விரண்டின் வழியாகவே செல்லும். நெடுந்தொலைவு செல்லும் குரலோ வழியில் வலிமை குன்றும். அதனை இடையிடையே பெருக்குதல் வேண்டும். பெருக்கும் கருவி ஒரு திசையிலேயே வேலை செய்யும். ஆகவே, நெடுவழியில் போவதற்கு இரண்டு, வருவதற்கு இரண்டு என நான்கு கம்பிகள் வகுக்கப்பட்டன. இருவகை வழிகளும் கூடுமிடத்தில் ஒரு மின்மாற்றி அமைப்பு நின்று குரல்களைப் பிரித்து அனுப்பும். வீட்டுக் கம்பிகள் நீளத்திலும் தன்மையிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அப்பிரிவினை முற்றும் செம்மையாக அமைவதில்லை. வந்த குரலில் ஒரு சிறு பகுதி வீட்டுக்குச் செல்லாது நழுவி, திரும்பும் வழியில் புகுந்து, பேசியவனிடமே மீள்கிறது. அதுவே தொலைபேசி எதிரொலி.

அண்மை ஊர்களுக்குப் பேசும்போது இக்குரல் மிக விரைவில் திரும்பிவிடும்; அது பேசுவோனின் குரலோடு கலந்துவிடுவதால் வேறாகத் தெரிவதில்லை. சற்றுத் தொலைவான ஊர்களுக்குப் பொறியாளர் ஓர் எளிய உபாயம் கண்டனர். வழியில் ஒலியைச் சிறிது குறைத்தனர். பேச்சு அவ்வழியே ஒருமுறை செல்லும். எதிரொலியோ போய் வருவதால் இருமுறை தேயும். ஆனால் மிக நெடிய வழிகளில் இந்த உபாயம் பயன்படவில்லை; ஒலியை அவ்வளவு குறைத்தால் பேச்சே கேளாது போய்விடும்.

ஆகவே 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் எதிரொலி அடக்கி என்னும் கருவி அமெரிக்காவில் பயன்பட்டது. ஒருவர் பேசும்போது திரும்பும் வழியை அது அடைத்துவிடும். எதிரொலி நின்றது, ஆனால் எதிரில் இருப்பவர் இடையே சொல்லும் மறுமொழியும் அதனுடன் நின்றது. சொற்களின் முதலெழுத்துக்கள் வெட்டுண்டன.

1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் 'ஏர்லி பேர்ட்' என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் 240 தொலைபேசி வழிகளால் அது இணைத்தது. அது நின்ற உயரம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர். குரல் அங்கு ஏறி இறங்கக் கால் வினாடி. எதிரொலி திரும்ப அரை வினாடி. இத்தகைய தாமதத்தில் அடக்கியின் குறை பெரிதும் புலப்பட்டது. ஒருவர் 'நில்லுங்கள்' என்று சொல்ல விரும்பினும் அச்சொல் மற்றவர் செவிக்கு எட்டாது.

பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்து அறிஞர் கெல்லி, லோகன், சோந்தி ஆகியோர் வேறு நெறி கண்டனர். மன் மோகன் சோந்தி இந்தியாவில் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்றவர்; இந்நெறியை விளக்கும் அவரது கட்டுரை 1967-இல் வெளிவந்தது. வழியை அடைத்தல் வேண்டா. எதிரொலியை மட்டும் கழித்தல் போதும் என்பதே இந்நெறியின் கருத்து. வரும் குரலைக் கருவி முன்னரே அறியும். அது எவ்வாறு சிதைந்து திரும்பும் எனக் கணித்து, அதன் படியொன்றை ஆக்கி, திரும்பும் ஒலியிலிருந்து கழிக்கும். எச்சம் இருப்பின் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். இருவரும் ஒருங்கே பேசும்போது, பிறர் குரலை எதிரொலியென மயங்காதிருக்க, திருத்துவதை நிறுத்தி வைக்கும். பெருஞ்செலவு பிடித்த இக்கருவி, 1980-இல் ஒரே சிறு சில்லில் அடங்கியது.

பின்னர், குரலைச் சுருக்கி அனுப்பும் முறையும் பரவியது. தொலைபேசிக் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 இரும இலக்கங்களால் குறித்தால், 64,000 இலக்கங்கள் வேண்டும். 1996-இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்ற ஒரு முறைக்கு 8,000 இலக்கங்களே போதும். தொண்டையும் வாயும் ஒலியை ஆக்கும் பாங்கினைச் சில எண்களால் உணர்த்துவதால் இது கைகூடியது. ஆயினும் சுருக்குவதற்கு முன் பேச்சைச் சிறிது சேர்த்து வைத்தல் வேண்டும். அதனால் தாமதம் மிகும். தாமதம் மிகவே, அடுத்த தெருவிற்குப் பேசினும் எதிரொலி தலைகாட்டும். எனவே, சுருக்கும் கருவி உள்ள இடத்தில் எதிரொலியைக் கழிக்கும் கருவியும் தேவையாயிற்று.

அடக்கியும் பிழையை நீக்கிற்று. கழிக்கும் கருவியும் அதனையே நீக்குகிறது. முன்னது பிறர் பேச்சையும் தடுத்தது. பின்னதோ பிழையை மட்டும் களைந்து, பிறர் குரலுக்கு வழிவிடுகிறது. இருவர் உரையாடுவதற்கு இன்றியமையாதது இவ்வேறுபாடே ஆகும்.