டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்

விழுப்புரம் தாண்டியதும் பொங்கல் பானையைப் பெரியப்பா மடியில் வாங்கிக்கொண்டார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கச் சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஏழு பேர், ஏழு சீட். நான் ஆசை ஆசையாய் வாங்கிய புது வண்டி. ஏழு பேருக்கும் துணிப்பை உண்டு என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். மூன்றாவது வரிசையை நிமிர்த்தியதும் பின்னால் இரண்டு பை நிற்கிற இடம்தான் மிஞ்சியது. அரிசிப் பை அத்தையின் காலடியில், வாழைத்தார் இரண்டு சீட்டுக்கு நடுவில், பானை மடியில். அறுநூறு கிலோமீட்டர். திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

அதிலிருந்து, “குடும்பத்துக்கு எந்த கார் வாங்கலாம்?” என்று யார் கேட்டாலும், போன மாதம் நீங்கள் போன இடங்களுக்கு எத்தனை பேர் போனீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். காலண்டரில் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் திங்கள் முதல் வெள்ளி வரை வண்டியில் ஒருவர் அல்லது இருவர், ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர். ஆறு, ஏழு பேர் ஏறுவது வருடத்துக்கு மூன்று தடவை. அந்த மூன்று தடவைக்கு டிரைவர் பேட்டாவோடு ஒரு இன்னோவாவோ டிராவலர் வேனோ வாடகைக்கு எடுத்துவிடலாம். தினசரிக்கும், நான்கைந்து பேர் ஊருக்குப் போய்வருவதற்கும் ஏற்ற வண்டியைச் சொந்தமாக வாங்குங்கள். தாத்தா பாட்டி உங்களோடு இருந்து, வாராவாரம் ஆஸ்பத்திரி, கோயில் என்று எல்லோரும் சேர்ந்து கிளம்புகிற வீடாக இருந்தால் கதை வேறு. அங்கே ஏழு சீட் அவசியம்தான்.

அப்படி வாங்கினாலும் எண்களைப் பார்த்து வாங்குங்கள். எல்லா சீட்டையும் நிமிர்த்தி வைத்தால் எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், கேரன்ஸ் 216, டிரைபர் வெறும் 84. நடுத்தர டிராலி சூட்கேஸ் ஒன்றே 65, 70 லிட்டர் பிடிக்கும். ஆனால் கடைசி வரிசையை மடக்கினால் எர்டிகாவில் 550 லிட்டர் கிடைக்கிறது. டிரைபரில் அந்த சீட்டுகளைக் கழற்றியே வைத்துவிட்டால் 625. ஆகவே டிரைபரைப் பெரிய டிக்கியுள்ள ஐந்து சீட் வண்டியாக நினைத்து வாங்குகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. அதன் ஒரு லிட்டர் எஞ்சின் ஏழு பேரோடு மலை ஏறும்போது திணறும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் கார்களின் டிக்கி சுருங்கியதற்கு ஒரு வரிக் கதை உண்டு. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார். அந்தக் கோட்டுக்குள் நுழைவதற்காக வண்டிகளின் பின்பக்கத்தை நறுக்கினார்கள். டிசையர் முதலில் வந்தபோது 440 லிட்டர் டிக்கி; 2012இல் நீளத்தை 3,995 மில்லிமீட்டராக்கியபோது அது 316 ஆனது. இப்போதும் ஜிஎஸ்டியில் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம். அதனால் நான்கு மீட்டருக்குள் தேடுவதில் தப்பில்லை. டிக்கியைத் திறந்து, உங்கள் சூட்கேஸையே உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷோரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். முழங்கால் வலிக்கிற அம்மாவை அழைத்துப் போங்கள். பின்சீட்டில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். மூன்றாவது தடவை கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்கி எழுந்தால் அந்த சீட் அவருக்குத் தாழ்வு. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முதலில் வைத்து ஏறினால் உயரம் அதிகம். சும்மா திரும்பி உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டால் அதுதான் சரியான உயரம். செடான்கள் பெரும்பாலும் இதில் தோற்கும், உயரமான எஸ்யூவிகளும் சில தோற்கும். நடுவாந்தரமான வண்டிகள்தான் பாஸாகும். வயதானவர்களை மூன்றாவது வரிசைக்கு அனுப்புகிற யோசனையே வேண்டாம். மலைப்பாதையில் அதிகம் ஆடுவது அந்த இடம்தான். வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

அடுத்து எரிபொருள். இதில் மனக்கணக்கு போதாது, பேப்பரில் போடுங்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர், டீசல் 18. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் இரண்டு ரூபாய். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இருபதாயிரம். டீசலுக்கு ஒன்றேகால் லட்சம் கூடக் கொடுத்திருந்தால் அந்தக் காசு திரும்பவே ஆறு வருடம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் டீசலில் இன்னொரு தொந்தரவும் உண்டு. புகைக்கரியைப் பிடித்துவைக்கிற டிபிஎஃப் வடிகட்டி, தினமும் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால்தான் அந்தக் கரி எரியும். தினமும் அறுபது, எழுபது கிலோமீட்டர் போய்வருகிறவர் தாராளமாக டீசல் வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் பெட்ரோல்தான் சொல்வேன்.

சிஎன்ஜியில் செலவு குறைவு, ஆனால் பெரும்பாலும் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துவிடும். பானை மறுபடி மடிக்கு வரும். தரைக்கு அடியில் சிலிண்டரைப் பதித்த மாடல்கள் இப்போது இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். எலெக்ட்ரிக் வண்டி, சொந்தப் பார்க்கிங்கில் சொந்த பிளக் இருக்கிறவருக்குத் தினசரிக்கு அருமை. நெடுஞ்சாலையில் நூறில் ஓட்டினால் சொன்ன தூரம் வராது; ஊருக்குப் போகும் வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்று முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

மலைக்குப் போகிற பழக்கம் இருந்தால் கொஞ்சம் கூடுதல் யோசனை தேவை. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ எஞ்சினுக்கு அந்தக் கஷ்டம் பெரிதாகத் தெரியாது. விலை குறைந்த ஆட்டோமேட்டிக்கான ஏஎம்டியை எடுப்பதானால் டெஸ்ட் டிரைவில் ஒரு மேம்பால ஏற்றத்திலோ பேஸ்மென்ட் சரிவிலோ நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். பின்னால் உருண்டால் அந்த வேரியண்டில் ஹில் ஹோல்ட் இல்லை என்று அர்த்தம்.

பாதுகாப்பு ஸ்டார்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். இரண்டாவதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடு சீட்டில் தோளோடு சேர்ந்த பெல்ட்டும் தலைத்தாங்கியும் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சிலவற்றில் அது சின்ன சக்கரம், எண்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது. சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான்.

டெஸ்ட் டிரைவை மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள், வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு. வெயிலில் நின்ற வண்டியில் பின்சீட்டுக்கு ஏசி எப்போது எட்டுகிறது, ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். திரும்பும்போது வண்டியை உங்கள் வீட்டு கேட்டுக்குள் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். உள்ளே விட்டபின் கதவைத் திறந்து இறங்க இடம் இருக்கிறதா என்பதையும்தான். எனக்கு இடது பக்கம் இன்றுவரை இல்லை.