தாழப் பறப்பவர் தரைக்குத் தெரிவதில்லை

கோடையில் ஆல்ப்ஸ் சரிவுகளில் மேலெழும் காற்றைப் பிடிக்க ஏழெட்டு கிளைடர்கள் ஒரே இடத்தில் வட்டமடிக்கும். இன்ஜின் சத்தம் கிடையாது; மெல்லிய வெள்ளை இறக்கை எதிரே வந்தால் மேகத்தோடு கலந்துவிடும். இப்படி மோதும் ஆபத்தைத் தவிர்க்க 2004-இல் சுவிட்சர்லாந்தில் வந்த கருவிதான் ஃபிளார்ம். விமானம் இருக்கும் இடத்தையும் அடுத்த சில நொடிகளில் போகவிருக்கும் பாதையையும் அது 868 மெகாஹெர்ட்ஸில் அறிவித்தபடியே இருக்கும். அந்த அறிவிப்பைத் தரையிலிருந்து பிடித்து இணையத்தில் சேர்க்கத் தன்னார்வலர்கள் கட்டிய வலை, ஓபன் கிளைடர் நெட்வொர்க்.

ஒரு ரிசீவருக்கு வேண்டியது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டர், டிவி பார்க்கவென்று விற்ற யூஎஸ்பி டாங்கிள், ஓர் ஆண்டெனா. சாமான் இவ்வளவுதான். பாடு எல்லாம் அதை வைப்பதில்.

ரிசீவர் வைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது கேபிள் கதை. ஆண்டெனா ஹேங்கர் கூரையில், கம்ப்யூட்டர் கீழே கிளப் அறையில், நடுவே பத்து மீட்டர் மெல்லிய கோஆக்சியல் கேபிள். ஃபிளார்மின் அலைவரிசையில் ஒலிபரப்ப ஐரோப்பிய விதி அனுமதிப்பதே 25 மில்லிவாட். தூரத்திலிருந்து வந்து சேரும் துளி சிக்னலில் பாதிக்கு மேல் அந்தக் கேபிளே விழுங்கிவிடும். அனுபவப்பட்டவர்கள் கம்ப்யூட்டரையும் டாங்கிளையும் மழை புகாத பெட்டியில் அடைத்து ஆண்டெனாவின் காலடியிலேயே கட்டிவிடுகிறார்கள். கீழிருந்து ஓர் ஈதர்நெட் கேபிள் மட்டும் போகிறது, மின்சாரமும் அதிலேயே.

பெட்டி வெயிலில் கிடந்தால் அடுத்த தொல்லை. மலிவு டாங்கிளில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு பிசகினாலே 868 மெகாஹெர்ட்ஸில் 43 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். சூடு ஏற ஏற விலகலும் மாறும். பக்கத்து ஜிஎஸ்எம் டவரின் சிக்னலை அளவுகோலாக வைத்து மென்பொருள் இதைத் திருத்திக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே டவர் மிக அருகில் இருந்தால் அதன் இரைச்சலே ரிசீவரின் காதை அடைத்துவிடும். அங்கே ஃபில்டர் இல்லாமல் வேலை நடக்காது.

இதையெல்லாம் காசு கொடுத்துச் சரிசெய்யலாம், மலையை என்ன செய்வது? சமவெளியில் 10 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு, 150 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் கணக்குப்படி 60 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வையில் இருக்கும். நடுவே ஒரு முகடு வந்தால் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே மறைந்துவிடும். தரையிறங்கத் தாழ்ந்து வரும் விமானங்களும் நெருக்கமாகவே பறக்கின்றன. வலைக்குச் சரியாகத் தெரியாததும் அவைதான். போதாக்குறைக்கு, ரிசீவர்கள் கிளைடர் கிளப்புகளைச் சுற்றியே குவிகின்றன; மற்ற பள்ளத்தாக்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

வெவ்வேறு வகைக் கருவிகள் பல ஒன்றோடொன்று பேசுவதும் இல்லை. பெரிய விமானங்கள் தங்கள் இடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும். இதே வேலைக்கான பிரிட்டனின் பைலட்அவேர் கருவி வேறோர் அலைவரிசையில் இயங்குகிறது. அதன் தரை நிலையங்கள் ஃபிளார்மைக் கேட்டுத் தங்கள் கருவிகளுக்குத் திருப்பி அனுப்புகின்றன. உயரத்திலும் குழப்பம் உண்டு. ஃபிளார்ம் ஜிபிஎஸ் உயரத்தை அனுப்பும், ஏடிஎஸ்-பி பொதுவாகக் காற்றழுத்த உயரத்தைச் சொல்லும். இரண்டையும் அப்படியே ஒரே திரையில் போட்டால் ஒரே மட்டத்தில் பறப்பவர்கள் மேலும் கீழுமாகத் தெரிவார்கள்.

தாமதத்தையும் மறக்கக் கூடாது. மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் விமானம் ஐந்து நொடியில் 280 மீட்டர் கடந்துவிடும். இணையத்தில் சுற்றி வரும் புள்ளியை நம்பி மோதலைத் தவிர்க்க முயல்வது அசட்டுத்தனம். அந்த வேலை விமானத்துக்கு விமானம் நேராகப் பேசும் கருவிக்கும் விமானியின் கண்ணுக்கும் உரியது. காணாமல் போன கிளைடரைத் தேடும்போதோ வலையின் கடைசிப் புள்ளி பெரிய துணை. தன் தடம் வலையில் வேண்டாம் என்று ஒருவர் கருவியில் குறித்துவிட்டால் அதையும் வலை மதித்தாக வேண்டும். இல்லையேல் கருவியையே அணைத்துவிடுவார்.

புதிதாக ரிசீவர் வைக்க நினைப்பவர்கள் ஏற்கெனவே மூன்று நிலையங்கள் இருக்கும் ஊரில் நான்காவதை வைக்க வேண்டாம். வலையின் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளத்தாக்கில், கூரையும் மின்சாரமும் இணையமும் தரச் சம்மதிக்கும் ஒரு வீட்டைத் தேடுங்கள்.