மருந்துச் செலவு போக மிஞ்சுவதே வருவாய்

இல்லறத்தார் நாள்தோறும் ஆற்றவேண்டிய கடமைகள் ஆறு என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்ததே. தேவபூசை, குருவணக்கம், நூலோதல், அடக்கம், தவம், தானம் என்னும் அவ்வாறனுள் இறுதியில் நிற்பது தானம். அதனை உணவு, மருந்து, நூல், அபயம் என நால்வகையாகப் பகுத்துரைப்பர் நம் முன்னோர். இவற்றுள் உணவும் மருந்தும் தனித்தனியே எண்ணப்பெற்றாலும், முதுமை வந்தடைந்த இல்லத்தில் அவ்விரண்டுக்கும் பணம் செல்வது ஒரே பையிலிருந்துதான். ஒன்று பெருகினால் மற்றொன்று சுருங்கும். எனவே, உணவுதவி யாருக்குத் தேவை எனக் கணிக்கும்போது மருந்துச் செலவையும் சேர்த்தே கணிக்கவேண்டும். அக்கணக்கை எவ்வாறு போடுவது என்பதே இன்றைய பாடம்.

வெளியே தெரியாத பசி

ஆரணி நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் முதியோர் படும் பசி தெருவில் தெரிவதில்லை. குழித்தறியில் நாற்பது ஆண்டுகள் அமர்ந்து பட்டு நெய்தவருக்குக் கண்பார்வை மங்கியதும் கூலி நின்றுவிடுகிறது. சேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர்க்கு, நெய்யாத நாளுக்கு வருவாய் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகருக்கு வந்த நம் குடும்பத்துப் பெரியவர்களின் நிலை சற்று வேறானது. "நிலம் இருக்கிறது, பிள்ளை பணம் அனுப்புகிறான், அவர்களுக்கென்ன குறை?" என்று ஊரார் கூறுவர். ஆனால் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் அவ்வீட்டில் குடியேறியபின், மாதத்தின் மூன்றாம் வாரத்தில் முதலில் நிற்பது பால். அடுத்து பருப்பு குறையும். பின்னர் இரு வேளை மாத்திரை ஒரு வேளையாகும். கௌரவம் கருதி இதனை அவர்கள் எவரிடமும் சொல்வதில்லை.

அரைகுறையாக உண்ணும் மருந்து நோயை அடக்காது. நோய் முற்றினால் செலவு மேலும் கூடும். செலவு கூடினால் உணவு மேலும் குறையும். செக்குமாடு போல் அவர்கள் இவ்வட்டத்துள்ளேயே சுழல்கின்றனர்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக இரண்டு இல்லங்களை வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. இரு இல்லங்களிலும் இருவர் வாழ்கின்றனர்.

முதல் இல்லம்: முதிய கணவனும் மனைவியும். குத்தகைப் பணமும் மகன் அனுப்புவதும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய். மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் 2,600. பரிசோதனைக்கும் மருத்துவருக்கும் 700. வேலூருக்குச் சென்று வரும் வண்டிச் செலவு 900. ஆக 4,200. மிஞ்சுவது 4,800, தலைக்கு 2,400.

இரண்டாம் இல்லம்: தார் சுற்றிக் கூலி பெறும் தாயும் மகளும். மாதம் 6,500 ரூபாய். மருந்துச் செலவு 300. மிஞ்சுவது 6,200, தலைக்கு 3,100.

வரவை மட்டும் பார்த்தால் இரண்டாம் இல்லமே ஏழ்மையானது. அடுப்பில் ஏறும் உலையைப் பார்த்தால் முதல் இல்லமே ஏழ்மையானது. இரண்டாம் இல்லத்துக்கு உதவி வேண்டா என்பது இதன் பொருளன்று. முதல் இல்லம் நம் பட்டியலில் இடம்பெறாமலே போய்விடுகிறது என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

பிற நாட்டில் ஒரு விதி

இக்கணக்கைச் சட்டமாகவே வைத்துள்ள நாடு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வறியோர்க்கான உணவுதவித் திட்டம் முன்னர் உணவு முத்திரைத் திட்டம் எனப்பட்டது; 2008 முதல் ஸ்நாப் என்னும் பெயரால் வழங்குகிறது. அங்கே 60 வயது நிறைந்தவர் அல்லது ஊனமுற்றவர் ஒருவருக்கு மாத மருத்துவச் செலவு 35 டாலரை மிஞ்சுமாயின், மிஞ்சிய தொகையை வருமானத்திலிருந்து கழித்துவிட்டுப் பின்னரே உதவியின் அளவைக் கணிக்கின்றனர். மருந்து மட்டுமன்றி மூக்குக் கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி, மருத்துவமனைக்குச் சென்று வரும் செலவு, உடனிருந்து கவனிப்பவர்க்குக் கொடுக்கும் கூலி ஆகியனவும் அதில் அடங்கும். காப்பீடு திருப்பிக் கொடுத்த தொகையை மட்டும் கழிக்க இயலாது.

இவ்வளவு நல்ல விதியிருந்தும் தகுதியுள்ளோர் பலர் அதனைக் கோருவதில்லை. விதி இருப்பதை அறியாமையும், செலவுச் சீட்டுகளைச் சேர்த்து வைக்காமையும் அதற்குரிய காரணங்களுள் அடங்கும். இவ்விரண்டு குறைகளும் நம்மிடமும் உண்டு.

நம் நாட்டில் உள்ளவை

நம் நாட்டில் மருந்துச் செலவைக் கழிக்கும் விதி இல்லை. எனினும் முதுமையையும் நோயையும் சட்டம் அறவே மறந்துவிடவில்லை. மக்கள் குடியுரிமைக் கழகம் 2001ஆம் ஆண்டில் தொடுத்த உணவுரிமை வழக்கில், 2003 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆதரவற்ற முதியோர், கைம்பெண்கள், ஊனமுற்றோர் உள்ள குடும்பத்தினர் ஆகியோருக்கு அந்தியோதயா அன்ன யோஜனா அட்டை வழங்குமாறு அவ்வாணை பணித்தது. உறுதியான வாழ்வாதாரமின்றித் தீரா நோயுற்றவரைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. அவ்வட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர் அனைவருக்கும் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. வருமானச் சான்று கேட்டு எவரையும் திருப்பி அனுப்பாத இம்முறை நம் மாநிலத்தின் பெருமை. அரிசிக்கு ஈடாகக் கோதுமை பெறவும் வழியுண்டு. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் தரப்படுகின்றன. சர்க்கரை நோயாளிக்கு அரிசியினும் பருப்பே இன்றியமையாதது. ஆகவே பருப்பை வாங்காமல் விடலாகாது.

கடைக்கு நடந்து செல்ல இயலாதவர், தம் சார்பில் பொருள் பெற வேறொருவரை நியமித்து அங்கீகாரச் சான்று பெறலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கவேண்டும். 2025 ஆகஸ்ட் 12ஆம் நாள் தொடங்கப்பெற்ற தாயுமானவர் திட்டம், 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டிற்கே கொண்டுசென்று தருவதற்காக ஏற்பட்டது. தம் தெருவுக்கு உரிய நாளையும் வயது வரம்பையும் கடையில் கேட்டறிவது நன்று.

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962 முதல் வழங்கப்படுகிறது. 2023 ஆகஸ்டில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதனைப் பெறுவோர்க்கு மாதந்தோறும் அரிசியும் உண்டு: சத்துணவு மையத்தில் உண்பவர்க்கு 2 கிலோ, உண்ணாதவர்க்கு 4 கிலோ. உணவு நெறி காக்கும் நம்மவர் அரிசியாகப் பெறுதல் எளிது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்க்குத் தனியே ஓய்வூதியத் திட்டமும், கடும் ஊனமுற்றோர்க்குப் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு.

மருந்துச் செலவைக் குறைத்தலும் உணவுதவியே

மருந்தில் மிச்சமாகும் நூறு ரூபாய் பருப்பாக மாறும். ஆதலின் இதனையும் இப்பாடத்தில் சேர்க்கிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே வந்து தரப்பட்டன. தம் பெயரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மூலப்பெயர் மருந்துகளை விற்கும் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களும் குறைந்த விலைக்காகவே ஏற்பட்டவை. மாற்று மருந்து வாங்குமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

காப்பீட்டு அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும் என்பது உண்மை. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு, 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி அத்தகைய காப்பீட்டை அறிமுகப்படுத்தியது. ஆனால் காப்பீடு பெரிதும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவோர்க்கே பயன்படும். நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கும் மாதந்தோறும் செல்லும் வண்டிக்கும் அது உதவாது. முதியோரின் உணவை அரிப்பவை இச்சிறு செலவுகளே.

மற்றொன்றும் கூறவேண்டும். நாம் பொழுது சாய்வதற்கு முன் உண்பவர்கள். இரவு மாத்திரையை வெறும் வயிற்றில் உண்டால் சிலருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். உண்ணும் நேரத்தையும் நோன்பு நாள்களையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாத்திரையின் வேளையை அவரே மாற்றித் தருமாறு கேட்கவேண்டும். நாமாக மாற்றுதல் தவறு.

நாம் செய்யத்தக்கவை

ஒன்று: வீட்டில் ஓர் உறை வைத்து, மருந்துச் சீட்டு, பரிசோதனைச் சீட்டு, பயணச் சீட்டு அனைத்தையும் மாதவாரியாகச் சேர்க்கவேண்டும். எழுதத் தெரிந்த பேரக்குழந்தை கூட்டிப் பார்க்கட்டும்.

இரண்டு: ஆலயத்தில் உதவிப் பட்டியல் தயாரிப்போர், "வரவு என்ன?" என்னும் வினாவோடு "மருந்துக்கு என்ன போகிறது?" என்னும் வினாவையும் கேட்கவேண்டும். நிலத்தையும் வீட்டையும் பார்த்து முடிவு செய்யலாகாது.

மூன்று: கேட்கும் வரை காத்திராமல், பருப்பு, பயறு, கோதுமை மாவு, எண்ணெய் எனப் பொருளாகக் கொடுக்கவேண்டும். பெயரை வாசிக்காமல், வீட்டிற்கே சென்று, கொடுப்பவர் இளையவராயின் "பெரியப்பா, பெரியம்மா" என்று வணங்கிக் கொடுத்தல் சிறப்பு. தானம் பெறுபவரின் தலையைக் குனியச் செய்தால் அது தானத்திற்கே குற்றம்.

நான்கு: பக்கத்து வீட்டு நெசவாளர் நம் சமயத்தவர் அல்லர் என்பதற்காக அவரை விட்டுவிடலாகாது. பசிக்கும் நோய்க்கும் சமயம் இல்லை. விண்ணப்பம் எழுதித் தருவதும், அலுவலகத்திற்கு உடன் செல்வதும் பணச் செலவில்லாத தானங்கள்.

பயிற்சி

1. மூன்றாம் இல்லம் ஒன்றில் நால்வர். மாத வரவு 14,000 ரூபாய். மருத்துவச் செலவு 5,600. அதில் 1,600 திரும்பக் கிடைக்கிறது. தலைக்கு மிஞ்சுவது எவ்வளவு? மூன்று இல்லங்களையும் தேவையின் வரிசைப்படி எழுதுக. (விடை: 2,500 ரூபாய். வரிசை: முதல் இல்லம், மூன்றாம் இல்லம், இரண்டாம் இல்லம்.)

2. உங்கள் குடும்ப அட்டை எவ்வகையைச் சார்ந்தது எனப் பார்த்து எழுதுக.

3. உங்கள் தெருவில் 70 வயது கடந்து தனித்து வாழ்பவர் எத்தனை பேர்? அவர்களுள் கடைக்குச் செல்ல இயலாதவர் யார்?

மூன்றாம் வினாவின் விடை பாடநூலில் கிடைக்காது. நாளைக் காலை, அவர்கள் வீட்டு வாயிலில் சென்று கேட்டால் கிடைக்கும்.