மொட்டை மாடி ஒழுகினால் யார் செலவு?

கேள்வி: ஆவடி மாநகராட்சியில், பட்டாபிராமில் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் எங்கள் வீடு. கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட், மேலே நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடாக மொத்தம் 24 வீடுகள். ரெரா பதிவு பெற்ற கட்டடம். 46 லட்சத்துக்கு என் பெயரில் வாங்கினோம். 2021 மார்ச் 10-ஆம் தேதி சாவி கொடுத்தார்கள். 2022 நவம்பர் மழையிலேயே படுக்கையறைக் கூரையில் ஓதம் ஏறியது. பில்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். ஆளை அனுப்பி மேலே ஏதோ பூசிவிட்டுப் போனார். இந்த ஆண்டு மழையில் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. மொட்டை மாடி முழுவதும் வாட்டர்ப்ரூஃபிங் செய்ய 3 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார்கள். பில்டரோ, “அக்ரிமென்ட்டில் ஒரு வருஷம்தான் வாரண்டி” என்கிறார். அசோசியேஷனில், “மேல் மாடி ஆறு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். நான் மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸை நிறுத்தலாமா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை, “இங்கே ஆறு மாசம் பனி கொட்டுது, கூரை போனா பில்டிங்கே பார்த்துக்கும், நாங்க பைசா தர மாட்டோம்” என்கிறாள். இங்கே அப்படிச் சட்டமே கிடையாதா?
— ஒரு வாசகி, பட்டாபிராம்

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். உங்களுக்கு முக்கியமான தேதி 2026 மார்ச் 10. அதற்கு முன்பாக, வீட்டிலும் மொட்டை மாடியிலும் உள்ள எல்லாக் குறைகளையும் பட்டியலிட்டு எழுதிய கடிதம் பில்டரின் கையில் சேர்ந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, 14(3)-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, பொருளின் தரத்திலோ குறை இருப்பதாக வீடு வாங்கியவர் தெரிவித்தால், பில்டர் கூடுதல் பணம் எதுவும் கேட்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். தவறினால் நஷ்டஈடு தர வேண்டும். இந்த ஐந்து ஆண்டு என்பது குறையைத் தெரிவிப்பதற்கான கெடு. வழக்குப் போடுவதற்கான கெடு அல்ல. பலர் இதைக் குழப்பிக்கொண்டு, “இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது சார்” என்று சொல்லியே ஆறாவது ஆண்டில் வந்து நிற்கிறார்கள்.

ஒரு வருட வாரண்டிக் கதையை விட்டுத்தள்ளுங்கள். சென்னையில் வெகுகாலமாக, பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனியாக ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் அக்ரிமென்ட் என்று இரண்டாகப் போடுவது வழக்கம். அந்த இரண்டாவது தாளில், பதினைந்தாவது பக்கத்துக்கு மேல் எங்காவது, இந்த ஒரு வருட வாசகம் உட்கார்ந்திருக்கும். மற்றச் சட்டங்கள் முரண்பட்டாலும் ரெராதான் மேலோங்கும் என்று அதன் 89-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்கே அந்த நிலை என்றால், பில்டர் அச்சடித்துக் கொடுத்த தாளில் உள்ள வாசகத்தால் ஐந்து ஆண்டை ஒன்றாக்கிவிட முடியாது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படம்தான் உங்கள் வழக்கு. மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில் மழைநீர் வடிகுழாயின் வாய், தளத்தைவிட ஒரு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் பச்சைப் பாசி வட்டம். கைப்பிடிச் சுவர் ஓரமாக நீர் நின்று வற்றிய கறை, கோடு போட்டதுபோல. தண்ணீர் குழாயை நோக்கி ஓடவேண்டிய வாட்டமே அங்கே இல்லை. இது பராமரிப்புக் குறைவால் வந்ததில்லை, கட்டும்போதே செய்த தவறு. “நீங்க சோலார் போட ஓட்டை போட்டீங்க, டிஷ் ஆன்டெனா மாட்டினீங்க, அதான் ஒழுகுது” என்பது பில்டர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்த வாதத்தை இந்தப் படமே பெருமளவு அடைத்துவிடும். இருந்தாலும் படம் மட்டும் போதாது. பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை அழைத்து, தளத்தில் தண்ணீர் கட்டிச் சோதித்து, வாட்டம், கம்பியின் நிலை, கசிவின் காரணம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். இதற்குச் சில ஆயிரம் ஆகும். கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டால் அதையும் செலவுத்தொகையில் கேட்கலாம்.

அறிக்கை கையில் வரும்வரை மாடியில் பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள். பழுதை அழித்துவிட்டால் பழுதுக்குச் சாட்சி இருக்காது. ஆனால் கூரைப் பூச்சு தலையில் விழும் நிலை என்றால் காத்திருக்கவும் கூடாது. எந்த நாளில் அவசர வேலை தொடங்கப்போகிறீர்கள் என்று பில்டருக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, வேலைக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து, பில்லோடு செய்யுங்கள்.

2022-இல் நீங்கள் போட்ட வாட்ஸ்அப் செய்தியும், “ஆள் அனுப்புறேன் மேடம்” என்று அவர் போட்ட பதிலும் பொன் போன்றவை. குறை அவருக்கு அன்றே தெரியும் என்பதற்கு அவரே சாட்சி. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். உங்கள் வழக்கறிஞர் தயார் செய்வார். இப்போது எழுதும் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில், பில்டர் நிறுவனத்தின் பதிவு முகவரிக்கும், ரெரா பதிவில் உள்ள முகவரிக்கும், மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். டெலிவரி ஆன ட்ராக்கிங் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். உங்கள் வீட்டுக் கூரையோடு நிறுத்தாமல், லிஃப்ட், செப்டிக் டேங்க், சம்ப், மழைநீர்த் தொட்டி என்று கட்டடத்தில் தெரிந்த குறை எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். மார்ச் 10 தாண்டினால் புதிதாக எதையும் சேர்க்க முடியாது.

30 நாள் கழித்தும் ஆள் வரவில்லை என்றால் தமிழ்நாடு ரெரா குழுமத்தை நாடலாம். அங்கே இரண்டு வாசல். குறையைச் சரிசெய்து தரச் சொல்லும் உத்தரவுக்குக் குழுமத்திடம் ‘எம்’ படிவம். நஷ்டஈட்டுக்கு அட்ஜுடிகேட்டிங் ஆபீசரிடம் ‘என்’ படிவம். நஷ்டஈட்டைத் தீர்மானிப்பது அந்த அதிகாரியின் வேலை என்பதை 2021-இல் நியூடெக் ப்ரமோட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒரே படிவத்தில் இரண்டையும் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. மாடி பொது என்பதால் அசோசியேஷனே மனுதாரராக வருவது நல்லது. அவர்கள் வராவிட்டாலும் நீங்கள் தனியாகப் போடலாம்.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. ரெரா இருப்பதால் அந்த வழி அடைபடாது என்று 2020-இல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டவில்லை என்பதால் மாவட்ட ஆணையமே போதும். பட்டாபிராம் திருவள்ளூர் மாவட்டம், ஆகவே திருவள்ளூர். (பக்கத்து அம்பத்தூர்க்காரருக்குச் சென்னை. 2018-இல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு போய்விட்டது.) ஆனால் அங்கே இரண்டு ஆண்டு வரம்பு உண்டு, 2022 கசிவைச் சொல்லிக் காலதாமதம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். உங்கள் நிலையில் நான் ரெராவையே தேர்ந்தெடுப்பேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: உத்தரவு வாங்குவது ஒரு வேலை, பணத்தை வசூலிப்பது இன்னொரு வேலை. பணம் கட்டச் சொல்லும் உத்தரவை நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் கலெக்டர் அலுவலகக் கோப்பு மெதுவாகத்தான் நகரும். அதனால் நோட்டீஸ் கட்டத்திலேயே பில்டர் வேலையை முடித்துத் தர இறங்கி வந்தால், நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் அம்பத்தூர், கொரட்டூர், பூந்தமல்லிப் பக்கத்துச் சிறிய அடுக்ககத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாமல் கட்டிய திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்றால் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேல். ஒரு கிரவுண்டில் நாலு வீடு, ஆறு வீடு என்று நம் பக்கம் எழும்பும் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் உறுதியான வழி. முதல் மழையில் ஒழுகினால் அடுத்த மழைக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

அசோசியேஷனுக்கு வருவோம். மொட்டை மாடி பொது இடம். ரெரா சட்டத்தின் 2(n) விளக்கத்தில் படிக்கட்டு, லிஃப்ட், அடித்தளத்தோடு மொட்டை மாடியும் பொதுப் பகுதியாகப் பட்டியலில் உண்டு. ஆகவே பில்டர் தரும்வரை அந்த 3,40,000 ரூபாய்ச் செலவு 24 வீட்டுக்கும் உரியது. பைலாவில் உள்ள பங்கு விகிதப்படி. சமமாகப் பிரித்தால் வீட்டுக்குப் பதினான்காயிரம் சொச்சம். மேல் மாடி ஆறு வீடுதான் என்றால் ஐம்பத்தாறாயிரத்துக்கு மேல். கூட்டத்தில் கீழ் வீட்டுக்காரர் “எங்களுக்கென்ன ஒழுகுது” என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஆவடியும் அம்பத்தூரும் மிதந்ததை நினைவூட்டுங்கள். உங்கள் கட்டடத்திலும் அன்று ஸ்டில்ட்டில் தண்ணீர் நின்று மோட்டாரோ லிஃப்ட்டோ கெட்டிருந்தால், அதற்கு நான்காவது மாடிக்காரரும் சேர்ந்துதானே கொடுத்திருப்பார். உங்கள் அறைக்குள் பெயின்ட், கட்டில், ஃபால்ஸ் சீலிங் கெட்டது உங்கள் சொந்தச் சேதம். அதை அசோசியேஷனிடம் கேட்காமல் பில்டரிடம் கேளுங்கள்.

மெயின்டனன்ஸை மட்டும் நிறுத்தாதீர்கள். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது இதுதான், எல்லோரையும் காலை வாருவதும் இதுதான். வீடு வாங்கியவர் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது ரெராவின் 19(6)-ஆம் பிரிவின்படியே அவருடைய கடமை. நிலுவை வைத்தால் வழக்கில் உங்கள் பக்கம் கறை படியும். பின்னாளில் விற்கப்போனால் நோ-டியூஸ் சான்றுக்கும் தடை. பணத்தைக் கட்டிக்கொண்டே ஆட்சேபத்தை எழுத்தில் பதியுங்கள். கூடவே இன்னொரு கேள்வியும் எழுப்புங்கள்: வாங்கும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று வசூலித்த கார்ப்பஸ் பணம் எங்கே? அது பில்டரிடமே கிடக்கிறதா, சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டதா? பல குடியிருப்புகளில் வாட்டர்ப்ரூஃபிங்குக்குப் பணமில்லை என்று சண்டை நடக்கும்போது, அதற்கென்றே கொடுத்த பணம் பில்டர் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சங்கம் அதன்கீழ் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பதிவில்லாத சங்கத்தால் பில்டரிடம் அழுத்திக் கணக்குக் கேட்க முடியாது.

இன்ஷூரன்ஸ்: 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ வீட்டுப் பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். மெதுவாக இறங்கும் ஓதமும் கட்டுமானக் குறையும் அடங்காது. உங்கள் கூரைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஸ்டில்ட்டில் நிற்கும் காருக்குத் தனியாக ஓன்-டேமேஜ் பாலிசி வேண்டும். தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜின் ப்ரொடெக்ட் சேர்க்காதவர்களுக்குப் பொதுவாகக் கைவிரித்துவிடுவார்கள்.

தங்கை சொன்னதில் பாதிதான் சரி. அவர் இருக்கும் ஒன்டாரியோவில், 1998-ஆம் ஆண்டின் காண்டோமினியம் சட்டப்படி ஒவ்வொரு கட்டடமும் ரிசர்வ் ஃபண்ட் வைத்திருக்க வேண்டும். கூரை, ஜன்னல், ஹீட்டிங் கருவிகள் எப்போது மாற்ற வேண்டிவரும், எவ்வளவு ஆகும் என்று அவ்வப்போது நிபுணரைக் கொண்டு ஆய்வு செய்து அதற்கேற்பப் பணம் சேர்க்க வேண்டும். பனி அடித்துக் கூரை போனால் அந்த நிதி வரும். ஆனால் அந்த நிதி மாதாந்திரக் கட்டணத்திலிருந்துதான் சேர்கிறது. பைசா தராமல் இல்லை, முன்கூட்டியே தந்துவிடுகிறார், அவ்வளவுதான். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அங்கே புது வீட்டுக்கான சட்டப்பூர்வ வாரண்டியில், வெளிச் சுவர், கூரை வழியாகத் தண்ணீர் இறங்குவதற்கு இரண்டு ஆண்டுதான். பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு ஆண்டு. ஒழுகலைப் பொறுத்தவரை நம் ஐந்து ஆண்டு அவர்களுடையதைவிட நீளம். ரிசர்வ் ஃபண்ட் விஷயத்தில் அவர்கள் அளவுக்கு விரிவான கட்டாயத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அடுத்த பொதுக்குழுவில் பைலாவைத் திருத்தி, மாதாமாதம் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்க உங்கள் 24 வீடும் தாமாகவே முடிவெடுக்கலாம்.

வழக்கறிஞர் கட்டணம் கவலையாக இருந்தால்: வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது சாவி ஒப்படைப்புக் கடிதம், இரண்டு பத்திரங்களின் நகல், இன்ஜினீயர் அறிக்கை, அந்தப் பழைய போன் நான்கையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.