சேவைக்கு மேடை வேண்டுமா?

கேள்வி: பிரசங்கம் செய்யத் தெரியாத சாதாரண விசுவாசி எப்படி ஊழியம் செய்வது?
– ஒரு வாசகர், கமுந்திங்

பதில்: பேராக் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. சிபில் கார்த்திகேசு கத்தோலிக்கத் தாதி, மருத்துவச்சியும்கூட. டாக்டரான கணவருடன் ஈப்போவில் கிளினிக் நடத்தியவர். ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்ததும் குடும்பம் பப்பான் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது.

அங்கே ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து போராடி, இரவில் வந்த போராளிகளின் காயங்களுக்கும் மருந்திட்டார். வீட்டில் வானொலியை ஒளித்து வைத்து, பிபிசி செய்திகளைக் கேட்டு நம்பகமானவர்களிடம் சொன்னார். நம்பிக்கை வற்றியிருந்த அந்தக் காலத்தில் அந்தச் செய்திகளும் மருந்துதான்.

1943இல் கைதானார். ஜப்பானியர் அவரைக் கடுமையாகச் சித்திரவதை செய்தார்கள். மகளைக் கண்ணெதிரே துன்புறுத்தினார்கள். ஆனாலும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜெபம்தான் அவரைத் தாங்கியது.

வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், சித்திரவதைக் காயங்களின் விளைவாக 1948இல் பிரிட்டனில் இறந்தார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அவர் கையில் இருந்தது பிரசங்கம் அல்ல, தெரிந்த தொழில். கமுந்திங் வாசகர் தம் தெருவில் தனியாக இருக்கும் முதியவரைத் தைப்பிங் மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கலாம். இந்த வாரமே தொடங்கலாம்.