உணவு இருப்பும் தவக்குலும்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. “ஒரு மாதத்திற்கான அரிசி, பருப்பை வீட்டில் வாங்கி வைப்பது தவக்குலுக்கு மாற்றமாகுமா? பதுக்கல் என்னும் பாவத்தில் சேருமா?” என்பதே அது. கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்மக்கள். அடுப்பெரிக்கும் பொறுப்பு அவர்களுடையதல்லவா?

இக்கேள்விக்கு நாமே ஒரு காலத்தில் தவறான விடை சொன்னோம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அச்சமயம் நாம் தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் இமாமத் செய்து வந்தோம். மழைக்கு ஒரு வாரம் முன்னரே, “அரிசி இரண்டு நாளைக்குத்தான் வரும், ஒரு சிப்பம் எடுத்துப் போடுங்கள்” என்று நம் துணைவியார் சொன்னார்கள். “ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹ், நாளைய கவலை நமக்கெதற்கு?” என்று கிதாபு ஓதிய மிடுக்கில் பதில் சொல்லிவிட்டோம்.

மூன்றாம் நாள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். மின்சாரமில்லை, கடையில்லை. வீட்டில் குழந்தைகள் மூவர். அடுத்த வீட்டில் ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைக்கும் விதவைத் தாயார் ஒருவர், பரண்மீது மூடி வைத்திருந்த தகரத்திலிருந்து நான்கு படி அரிசியை அளந்து மதில் வழியே நீட்டினார். “ஆலிம்சா, முதல்ல பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுங்க. பயானை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆயினும் நமக்கு உறைத்தது. தண்ணீர் வடிந்ததும் கிதாபுகளை மீண்டும் விரித்தோம்.

பனூ நளீர் தோட்டங்களிலிருந்து கிடைத்த பேரீச்சம்பழங்களை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைத்து வந்தார்கள் என்று ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஓராண்டுக்கு! நாம் ஒரு மாதத்திற்கே தயங்குகிறோம். பேரீச்சம்பழம் இல்லாத வீட்டார் பசித்தவர்கள் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதும் முஸ்லிமில் இருக்கிறது. ஊருக்கு ஊர் பிரதான உணவு எதுவோ அதற்கும் இது பொருந்தும். நமக்கு அது அரிசி.

ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் நாளைக்கென எதையும் எடுத்து வைப்பதில்லை என அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் வந்துள்ளதே என்று ஓதியவர்கள் கேட்கலாம். நாமும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். இதற்கு முஹத்திஸீன்கள் தரும் விளக்கம் யாதெனில், தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம் பொறுப்பிலுள்ளோருக்கு வைத்தார்கள் என்பதாகும். அப்படி வைத்ததும்கூட ஆண்டு முடியுமுன் ஏழைகளுக்கும் விருந்தினருக்கும் போய்விடும். அவர்கள் மறைந்தபோது 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஆகவே தன் பசியைப் பொறுப்பது தவக்குலாகலாம். பிள்ளைகளின் பசியைத் தவக்குல் என்று சொல்லிக்கொள்வது எப்படித் தகும்? யூசுப் (அலை) அவர்கள் ஏழு ஆண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொல்லிப் பஞ்ச ஆண்டுகளிலிருந்து மிஸ்ரு நாட்டைக் காத்ததும் குர்ஆன் ஷரீபில் உள்ளதுதானே.

இனி, பதுக்கல் பற்றி. பதுக்குபவன் பாவி என்று வந்துள்ள ஹதீது ஸஹீஹானது. ஆனால் அதன் அறிவிப்பாளரான மஃமர் (ரலி) அவர்களும், அவர்களிடம் கேட்டு அறிவித்த ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களும் சில பொருள்களைச் சேர்த்து வைப்பவர்களாகவே இருந்தார்கள் என்று முஸ்லிமிலேயே காணப்படுகிறது. அப்படியாயின் விலக்கப்பட்டது எது? விலை ஏறியிருக்கும் காலத்தில் மக்களின் உணவை வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று முடக்குவதே ஹராம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். சொந்த நிலத்து விளைச்சலை எடுத்து வைப்பதும், வீட்டுத் தேவைக்கு வாங்கி வைப்பதும் அதில் சேரா.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் காலத்திற்கு மிகவும் வேண்டியது. கடைத்தெருவில் வாங்கி வீட்டில் வைப்பதாயின் காலத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் உலமாக்கள். சரக்கு தாராளமாக உள்ளபோது ஓராண்டுக்கும் வாங்கலாம். தட்டுப்பாடு வந்துவிட்டால், பிறருக்கு நெருக்கடி ஏற்படாத அளவு, சில நாட்களுக்கோ ஒரு மாதத்திற்கோ மட்டும் வாங்க வேண்டும். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கையில் பணமிருந்தவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிச் சென்றார்கள். அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குபவர் கடைக்கு வந்தபோது எஞ்சியது என்ன? அள்ளியவர்கள் விற்கும் நோக்கத்தில் வாங்கவில்லை என்பது மெய்தான். ஆயினும் மற்றவரை நெருக்கினார்கள். அமைதியான மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தால் அந்த இரவில் அவர்கள் கடைப்பக்கமே போயிருக்க வேண்டியதில்லை.

“சேர்க்கப் பணம் வேண்டாமா?” என்பார்கள். மதரஸாவுக்குப் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் நம் தாய்மார்கள் அறிந்ததே. அதே போல் இன்னொரு பானையில் வீட்டுக்கென வேளைக்கு ஒரு பிடி. நாளைக்கு இரண்டு பிடி என்றால் ஏறத்தாழ 100 கிராம்; மாதம் 3 கிலோ; பத்து மாதத்தில் 30 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 2 கிலோ வீதம் அது 15 நாளைக்கு வரும். அத்துடன் பருப்பு, உப்பு, எண்ணெய், கருப்பட்டி, அவல், பொரிகடலை. சர்க்கரை நோய், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்பவர் இருந்தால் அதிலும் 15 நாள் இருப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், மழை எச்சரிக்கை வந்தவுடனே குடங்களில் நிரப்பி விடுவது நன்று. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது.

வைக்கும் இடம் முக்கியம். அந்த வெள்ளத்தில் அரிசியே இல்லாத வீடுகளைவிட, அரிசி தரையிலிருந்து நனைந்த வீடுகளை நாம் அதிகம் கண்டோம். பரண்மீதோ, உயரமான பலகைமீதோ, மூடியுள்ள தகரத்தில், வெயிலில் காயவைத்து வேப்பிலை இட்டு வையுங்கள். பழையதை முதலில் எடுத்துச் சமைத்துப் புதியதை இட்டு வந்தால் வண்டு பிடிக்காது. அளந்தால் பரக்கத் போய்விடும் என்று சில பெண்கள் அளக்க அஞ்சுகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நெடுநாள் உண்டு வந்த வாற்கோதுமையை அளந்து பார்த்ததும் அது தீர்ந்த செய்தி உண்மையே. ஆயினும் உணவை அளக்குமாறு மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதும் புகாரீயில் இருக்கிறது. வாங்கும்போது அளப்பது வேறு, எவ்வளவு மிஞ்சியது என்று ஆவலாதியோடு துழாவுவது வேறு.

உப்புக்கண்டம் போடாத வீடு நம் சமூகத்தில் குறைவு. குர்பானி இறைச்சியை மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாமென ஓராண்டு நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள். மறு ஆண்டு ஸஹாபாக்கள் கேட்டபோது, சென்ற ஆண்டு மக்கள் கஷ்டத்திலிருந்தமையால் அவர்களுக்கு உதவட்டுமென்றே அப்படிச் சொன்னதாகவும், இனி உண்ணவும் உண்பிக்கவும் சேமிக்கவும் செய்யலாமென்றும் அறிவித்தார்கள். ஒரே இறைச்சிதான், பக்கத்தில் பசி இருந்த ஆண்டு ஒரு சட்டம், இல்லாத ஆண்டு வேறு சட்டம். வெள்ளம் வந்த நாளில் நம் தகரத்து அரிசிக்கும் இது பொருந்தும். உயிருக்குத் தவிக்கும் பசிகாரர் வாசலில் நிற்க, தன் அவசரத் தேவைக்கு மிஞ்சிய உணவை வைத்துக்கொண்டு மறுப்பது கூடாது. நியாய விலை கேட்கலாம், கூடுதல் கேட்கலாகாது என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர்.

அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்த காலத்தில் தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியபோது, அருகிலிருந்த கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனால் அந்த அஷ்அரீகளின் துணி நம் நினைவுக்கு வந்தது.

காய்கறித் தோட்டம் பற்றியும் கேட்கிறார்கள். முற்றத்தில் நான்கு பாத்தியும் கொல்லையில் ஒரு முருங்கையும் போதும். சிறுகீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். வெண்டை ஒன்றரை மாதத்தில். அவரை, புடலை, சுரை ஆகியவற்றை ஆடிப்பட்டத்தில் ஊன்றலாம். வெள்ளத்தில் கீரைப்பாத்தி போய்விடும். அதற்காகவே சில தொட்டிகளை மொட்டை மாடியில் வைப்பது. முருங்கையை மேட்டில் நட வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகும். புயலுக்கும் அது தாங்காது. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கத்தார் இதை நன்கறிவார்கள். ஆனால் முறிந்த கிளையை ஊன்றினாலே துளிர்க்கும்.

ஒளூச் செய்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா? விடலாம், அது சுத்தமானதே. சாணம் இட்டு வளர்ந்த கீரை ஆகுமா? ஆகும், சாணம் பட்ட இடத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. வீட்டு முற்றத்துக் காய்கறிக்கு ஜகாத் உண்டா? ஷாபிஈ மத்ஹபில் காய்கறிகளுக்கு ஜகாத் இல்லை. ஹனபீ மத்ஹபில் காய்கறிக்கும் உஷ்ரு உண்டெனினும், வீட்டு வளவுக்குள் நிற்கும் மரத்துக்கு இல்லை. வீட்டுச் செலவுக்கு வைத்த அரிசிக்கும் ஜகாத் இல்லை. வெள்ளக் காலத்தில் குடிதண்ணீர் மட்டுமே மிஞ்சியிருந்தால், அதைக் குடிக்க வைத்துக்கொண்டு தயம்மும் செய்து தொழ வேண்டும். நாமும் அந்த மூன்று நாளும் அப்படித்தான் தொழுதோம்.

நான்கு படி அரிசியைத் திருப்பிக் கொண்டுபோனபோது அத்தாயார் வாங்க மறுத்துவிட்டார். வெள்ளத்தில் முறிந்து கிடந்த தம் வீட்டு முருங்கைக் கிளை ஒன்றைத்தான் நம் கையில் கொடுத்தார். இப்போது அது மதிலுக்கு மேலே தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கேளாமல் பறித்துச் செல்கிறார்களே என்று நம் துணைவியார் ஒருநாள் குறைப்பட்டபோது, நட்டவன் மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ எதைத் தின்றாலும் அது அவனுக்கு ஸதகா என்ற ஹதீதை எடுத்துச் சொன்னோம். “நட்டது நீங்கள், தண்ணீர் ஊற்றுவது யார்?” என்று கேட்டார்கள்.